கிருஷ்ணகிரிக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்களா? ஷிப்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் படம் பார்ப்பது எப்படி

ஓசூர் பக்கம் கம்பெனியில் வேலை கிடைத்து, தோளில் ஒரு பையும் கையில் ஒரு பக்கெட்டுமாகக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற பையன்களை அடிக்கடி பார்க்கிறேன். எங்கள் ரூமுக்கே வருஷத்துக்கு இரண்டு பேராவது புதிதாக வருகிறார்கள். வந்த முதல் வாரம், "அண்ணா, இங்க ஞாயித்துக்கிழமையானா என்ன பண்றது?" என்று கேட்பார்கள். இரண்டு மாதம் கழித்து அதே பையன், "ஞாயித்துக்கிழமை தூங்கறதுக்கே பத்தலண்ணா" என்பான். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன் எனக்கும் அதுதான் நடந்தது. அதற்கு மருந்து கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் பிடிவாதம்.

முதல் வேலை: ரூம் எங்கே எடுப்பது

எத்தனை படம் பார்ப்பீர்கள், நண்பர்களை எத்தனை தடவை சந்திப்பீர்கள் என்பதை உங்கள் மேனேஜர் முடிவு செய்வதாக நினைப்பீர்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதியை முடிவு செய்வது நீங்கள் அட்வான்ஸ் கொடுக்கிற ரூம்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். கம்பெனி பஸ் ஊருக்குள் நாலைந்து இடத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம் பிடிக்கும். போக வர இரண்டரை மணி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் 15 மணி நேரம் பஸ்ஸிலேயே போகிறது. இரண்டரை மணி நேரப் படம் என்று வைத்தால் அது ஆறு படம்! தர்மபுரியில் இருந்துகொண்டு ஓசூருக்குப் போகிறவர்கள் கணக்கு இதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்படிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சொந்த வீடு, வயதான அப்பா அம்மா என்று அவர்களுக்குக் காரணம் இருக்கும். உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றால் வேண்டாம்.

அதற்காக எல்லோரும் ஓசூரிலேயே தங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். அங்கே வாடகையும் அட்வான்ஸும் பெங்களூரைப் பார்த்துப் பேசுகின்றன. மேலும் எல்லாக் கம்பெனியும் ஓசூர் ஊருக்குள் இல்லை. குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி என்று சிப்காட் தொழிற்பேட்டைகள் பரவிவிட்டன. அந்தப் பக்கம் வேலை என்றால் கிருஷ்ணகிரிதான் சரி. லீவு கிடைத்தால் பெங்களூருக்கு ஓடுகிற ஆளா, சேலம் பக்கம் சொந்த ஊருக்கு ஓடுகிற ஆளா என்பதையும் பாருங்கள். முதல் வகைக்கு ஓசூர். இரண்டாம் வகைக்குக் கிருஷ்ணகிரி அல்லது தர்மபுரி.

ரூம் பார்க்க எல்லோரும் சாயங்காலம் போவார்கள். சில்லென்று காற்று வரும், பிடித்துவிடும். நீங்கள் பகல் இரண்டு மணிக்குப் போங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் நீங்கள் தூங்கப் போவது அந்த நேரத்தில்தான். மேலே தகரமா, ஆஸ்பெஸ்டாஸா, கான்கிரீட்டா? ஜன்னல் மேற்குப் பக்கமா? பக்கத்தில் கல்யாண மண்டபம் உண்டா? தெருமுனையில் அம்மன் கோயில் இருந்தால் ஆடி மாதம் முழுக்க மைக் செட் பாடும். என் முதல் ரூம் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடி. சாயங்காலம் பட்டறை மூடியிருந்தபோது பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் காலி செய்தேன்.

சாலையைப் படியுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டமும் சாலையால் வாழ்கிறவை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை நேராக இறங்குகிறது. சென்னையிலிருந்து வாணியம்பாடி வழியாக வருகிற சாலை கிருஷ்ணகிரியில் அதோடு சேர்கிறது. நடு ராத்திரியில் நின்றாலும் ஏதாவது பஸ் வரும். ஆனால் எல்லா பஸ்ஸும் உங்களுக்கான பஸ் இல்லை.

ஏறும் முன் கண்டக்டரிடம் ஒரே கேள்வி: "பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமாண்ணா?" நெடுந்தூர வண்டிகள் பல பைபாஸிலேயே போய்விடும். கிருஷ்ணகிரி என்று டிக்கெட் வாங்கியிருப்பீர்கள், டோல்கேட் பக்கமோ மேம்பாலத்தின் அடியிலோ இறக்கிவிடுவார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு அங்கிருந்து ஊருக்குள் வர ஆட்டோக்காரர் கேட்கிற காசு, நீங்கள் பஸ்ஸுக்குக் கொடுத்ததைவிட அதிகமாக இருக்கும்.

இரண்டாவது, தூக்கம். ஒரு தடவை நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, ஓசூரில் சேலம் பஸ் ஏறினேன். ஜன்னல் சீட். சூளகிரி தாண்டியது நினைவிருக்கிறது. அப்புறம் யாரோ தோளைத் தட்டியபோது வெளியே இரண்டு பக்கமும் மலை, முன்னால் லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. தொப்பூர் கணவாய். கிருஷ்ணகிரியையும் தர்மபுரியையும் தாண்டி வந்திருந்தேன். கண்டக்டர் திட்டவில்லை. "நைட் ஷிப்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, இறக்கத்தை முடித்ததும் எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிற இடமாகப் பார்த்து இறக்கிவிட்டார். அன்றைக்குப் படுக்கைக்குப் போகும்போது மதியம் ஒரு மணி. அதிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனில் 45 நிமிஷத்துக்கு அலாரம் வைத்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். பேன்ட் பையில் இருந்தால் அதிர்வது தெரியாது.

பைக்கில் போகலாமே என்று தோன்றும். பகல் ஷிப்டுக்கு உங்கள் இஷ்டம். நைட் ஷிப்ட் முடித்து அந்தச் சாலையில் பைக் ஓட்டாதீர்கள். மேலுமலை இறக்கத்தில் காலை நேரத்தில் லாரிகள் எப்படி வருகின்றன என்று ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பாருங்கள், போதும். மார்கழி, தை மாதங்களில் சூளகிரி தாண்டியதும் பனிமூட்டம் வேறு.

ரயில் விஷயம் சுருக்கம். கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் கிடையாது. மாவட்டத் தலைநகரில் ரயில் இல்லையா என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். சேலம் - பெங்களூர் பாதை தர்மபுரி, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போகிறது. கோவை - பெங்களூர் வந்தே பாரத்தும் தர்மபுரியிலும் ஓசூரிலும் நிற்கிறது. சென்னைக்காரர்களுக்கு ஜோலார்பேட்டை. பெங்களூர் ஊருக்குள் போக இப்போது ஒரு நல்ல வழி பிறந்திருக்கிறது: 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோவின் மஞ்சள் பாதை. ஓசூரிலிருந்து பஸ்ஸில் பொம்மசந்திரா வரை போய் அங்கே மெட்ரோ பிடித்தால், எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசலை மேலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போகலாம்.

ஷிப்டுக்குத் தகுந்த வாழ்க்கை

கம்பெனிக்குக் கம்பெனி நேரம் கொஞ்சம் மாறும். பெரும்பாலும் காலை 6 முதல் 2, 2 முதல் இரவு 10, 10 முதல் மறுநாள் காலை 6. வாரத்துக்கு ஒன்றாக மாறிவரும். மூன்று வாரமும் ஒரே மாதிரி வாழ நினைப்பதுதான் புதியவர்கள் செய்கிற தப்பு.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் கிருஷ்ணகிரியில் நாலரை மணிக்குக் கம்பெனி பஸ். மூன்றே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும். மாலை மூன்றரைக்கு ரூமுக்கு வந்துவிடுவீர்கள், உலகமே உங்களுடையது போல இருக்கும். மாலைக் காட்சி ஆறரைக்கு. போய்விட்டு வந்து சாப்பிட்டுப் படுக்கப் பத்தரை. ஐந்து மணி நேரத் தூக்கம். வாரத்தில் ஒரு நாள் தாங்கும், இரண்டாவது நாள் மெஷின் முன்னால் கண் சொருகும். அதனால் ஒன்றுதான், அதுவும் வெள்ளி அல்லது சனி. செகண்ட் ஷோவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

செகண்ட் ஷிப்ட் வாரம்தான் ஏமாற்றும். காலை முழுக்க ஃப்ரீ என்று தோன்றும். பத்தரைக் காட்சி போய்ப் பாருங்கள், கிளைமாக்ஸ் வரும்போது பஸ் ஸ்டாப்பில் உங்கள் பஸ் கிளம்பிக்கொண்டிருக்கும். எங்கள் ரூமில் ஒருவன் ஒரு துப்பறியும் படத்தைக் கடைசி இருபது நிமிஷம் விட்டுவிட்டு ஓடினான். கொலை செய்தது யார் என்று லைனில் வேலை செய்கிற பையன் ஒருவன் அன்று ராத்திரியே சொல்லிவிட்டான், இன்று வரை அவனோடு பேச்சில்லை. இந்த வாரத்தைத் துணி துவைக்க, வங்கிக்குப் போக, ஆதாரில் முகவரி மாற்ற, வீட்டுக்கு நிதானமாகப் போன் பேச என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகமும் வங்கியும் திறந்திருக்கிற நேரத்தில் நீங்கள் வேலையில் இல்லாமல் விழித்திருக்கிற ஒரே வாரம் இது.

நைட் ஷிப்டில் வாரநாட்களை மறந்துவிடுங்கள். வந்ததும் எதையாவது கொஞ்சம் சாப்பிட்டு, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, படுத்துவிட வேண்டும். போனை எடுத்தால் ஒன்பது மணி ஆகிவிடும். சனிக்கிழமை இரவு ஷிப்ட் ஞாயிறு காலை ஆறு மணிக்கு முடியும். மதியம் ஒன்றரை வரை தூங்கி, எழுந்து குளித்து, ஒரு நல்ல சாப்பாடு. களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் இந்த ஊரில் கிடைப்பது மாதிரி வேறெங்கும் கிடைக்காது. சாப்பிட்டுவிட்டு மாலைக் காட்சி. மாதத்திலேயே எனக்கு மிகப் பிடித்த ஞாயிறு அதுதான்.

ஓ.டி., அதாவது ஓவர்டைம் பற்றி ஒரு வார்த்தை. வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் செய்தால் இரட்டிப்புச் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது. நான் சேர்ந்த ஓர் இடத்தில் அதைக் கேட்டால் முகத்தைச் சுளித்தார்கள். நான் அங்கே ரொம்ப நாள் இல்லை. காசு வருகிறது என்று ஒவ்வொரு ஞாயிறும் ஓ.டி.க்குத் தலையாட்டாதீர்கள். ஒரு தடவை "இந்த வாரம் முடியாதுங்க சார், ஊருக்குப் போறேன்" என்று சொல்லிப் பழகிவிட்டால் சூபர்வைசர் அடுத்த ஆளைக் கேட்பார். எப்போதும் சரி என்கிறவனிடம்தான் எப்போதும் கேட்பார்கள்.

காலண்டரில் ஏ, பி, சி

நாலு நண்பர்கள் என்றால் நாலு கம்பெனி, நாலு ஷிப்ட். வாட்ஸ்அப் குழுவில் "சண்டே பிளான் என்ன மச்சான்" என்று சனி ராத்திரி போட்டால் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், ஒருவன் லைனில் இருப்பான்.

எங்கள் ரூமில் செய்வது இது. மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுக்கிற மாதக் காலண்டர் ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பேனா. மாத ஆரம்பத்தில் அவரவர் ஷிப்டை ஏ (ஃபர்ஸ்ட்), பி (செகண்ட்), சி (நைட்) என்று கட்டத்துக்குள் எழுத வேண்டும், லீவுக்கு ஒரு கோடு. நாலு நிறத்திலும் கோடு விழுந்த நாளைச் சுற்றி வட்டம். மாதத்துக்கு இரண்டு வட்டம் வந்தால் அதிர்ஷ்டம். ஒரு ஜூலையில் ஒன்றுகூட வரவில்லை. வட்டம் போட்ட நாளில் ஓ.டி., மச்சினிச்சி சடங்கு, தலைவலி எதையும் சாக்காகச் சொல்லக் கூடாது என்பது ரூம் சட்டம். மச்சினிச்சி சடங்குக்கு மட்டும் ஒரு தடவை தளர்த்தினோம்.

நாலு பேரும் சேரும் வரை காத்திருக்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரே ஷிப்டில் இருந்தால் அதுவே போதும். ராத்திரி பத்தரைக்கு ரோட்டோரக் கடையில் ஒரு டீயும் நிப்பட்டும் வைத்துக்கொண்டு பேசிய அரை மணி நேரங்கள்தான் எனக்கு இங்கே நண்பர்களைச் சம்பாதித்துக் கொடுத்தன.

படம்

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

முதல் நாள் முதல் காட்சி வெறி உள்ளவர்களுக்கு இந்த ஊர் ஒரு வசதி வைத்திருக்கிறது: மாநில எல்லை. தமிழ்நாட்டில் இப்போது பெரிய நடிகர் படத்துக்கும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கர்நாடகத்தில் ஆறு மணிக்கே போட்டுவிடுகிறார்கள். ஓசூரிலிருந்து ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். பெரிய படம் வருகிற அன்று விடியற்காலை இந்தப் பக்கத்துப் பைக்குகள் கூட்டமாக எல்லை தாண்டும். நானும் போயிருக்கிறேன். டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டுப் போங்கள். இங்கே உச்சவரம்பு இருக்கிறது, அங்கே முதல் நாள் விலை கண்ணைக் கட்டும். செகண்ட் ஷிப்ட் வாரமாக இருந்தால் ஒன்பதுக்குள் படம் முடிந்து, ஓசூரிலேயே சாப்பிட்டு, இரண்டு மணிக்கு நேராக வேலைக்கே போய்விடலாம். காலைக் காட்சி பார்க்க முடியாத வாரம் என்று மேலே சொன்னேனே, அதற்கு இந்த ஒரு விதிவிலக்கு.

லீவு போட்டுவிட்டு முதல் நாள் பார்ப்பதா? வருஷத்துக்கு ஒரு படத்துக்குப் போடலாம். எந்த நடிகருக்கு என்பதில் ரூமில் சண்டை வரும், அதற்கு என்னிடம் வழி இல்லை. மற்றப் படங்களுக்கு இரண்டாவது வாரம் போங்கள். கூட்டம் வடிந்திருக்கும், நல்ல சீட் கிடைக்கும், படம் தேறுமா தேறாதா என்பதும் தெரிந்திருக்கும். தமிழ்ப் படங்கள் பல நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. ஆகவே தியேட்டருக்கு எதை, ரூமில் லேப்டாப்பில் எதை என்று பிரித்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கு எளிமையானது: சத்தம் போட்டுப் பார்க்க வேண்டிய படம் தியேட்டருக்கு.

ஓசூரில் இன்னொரு ருசி உண்டு. தமிழோடு தெலுங்கு, கன்னடப் படங்களும் ஓடும். பார்க்க வருகிற கூட்டமே மூன்று மொழியிலும் கலந்து பேசும். தெலுங்கு தெரியாமல் முதல் படம் பார்த்தபோது பக்கத்து சீட்டுப் பெரியவர் வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சிரிக்கிற இடத்தில் நாங்கள் இருவரும் மட்டும் மூன்று விநாடி தாமதமாகச் சிரித்தோம்.

ஒரு நாள் லீவில் போய்வர

நாலு கோடும் சேர்ந்த வட்டம் கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒகேனக்கல். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். கிளம்பும் முன் காலைச் செய்தியில் ஒன்றைப் பாருங்கள்: பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து எத்தனை கன அடி. கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்து நீர்வரத்து ஏறிவிட்டால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். இதைப் பார்க்காமல் ஒரு ஆகஸ்டில் ஏழு பேர் போய், பாலத்தில் நின்று செம்மண் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

தண்ணீர் சரியாக இருந்தால் வரிசை இப்படி: போனதும் மீன் வாங்கி, அங்கே சமைத்துக் கொடுக்கிற அக்காக்களிடம் கொடுத்து, எத்தனை பேர், குழம்பா வறுவலா என்று சொல்லிவிடுங்கள். கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள். அப்புறம் எண்ணெய் மசாஜ், குளியல். பிறகு பரிசல், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது. திரும்பி வரும்போது சாப்பாடு தயாராக இருக்கும். மசாஜுக்கு முன் பரிசல் ஏறினால் வரிசை கெட்டு, மீன் ஆறிப்போகும்.

பாதி நாள்தான் இருக்கிறது என்றால் கிருஷ்ணகிரி அணை. தென்பெண்ணையின் குறுக்கே, ஊரிலிருந்து பக்கம். மாலை நாலரைக்குப் போய், மீன் வறுவல் சாப்பிட்டு, இருட்டும் முன் திரும்பலாம். நைட் ஷிப்ட் முடித்த அன்று மலை ஏற்றம் எதுவும் வேண்டாம், சையத் பாஷா மலை எங்கும் ஓடிப்போகாது.

ஊருக்குப் போக

ஜனவரி மாதமே உட்கார்ந்து ஒரு வேலை செய்யுங்கள். தொழிற்சாலைகளுக்கு வருஷத்தில் தேசிய, பண்டிகை விடுமுறை 9 நாள் உண்டு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, மேலும் ஐந்து. கம்பெனி அந்தப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டும். படம் எடுத்துக்கொண்டு வந்து காலண்டரில் குறியுங்கள். ஞாயிறுக்கு முன்னும் பின்னும் எது விழுகிறதோ அதில் ஒரு நாள் லீவைச் சேர்த்தால் மூன்று நாள். அந்த லீவை எல்லோருக்கும் முன்னால் எழுதிக் கொடுங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திறக்கிற அன்று காலையே போட வேண்டும். பஸ்ஸில்தான் என்றால் பண்டிகைக்கு முந்தின நாள் மாலை கிளம்பாதீர்கள், கிருஷ்ணகிரி டோல்கேட்டிலேயே அரைப் பண்டிகை முடிந்துவிடும். நைட் ஷிப்ட் முடித்து விடியற்காலையில் கிளம்புகிறவர்களுக்குத்தான் அன்றைக்குச் சாலை காலியாகக் கிடைக்கும். அலாரத்தை மட்டும் மறக்காதீர்கள்.

மே, ஜூனில் போகிறீர்கள் என்றால் வெறுங்கையோடு போனால் வீட்டில் விடமாட்டார்கள், கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழம் கொண்டுவரவில்லையா என்பார்கள். முக்கால் பழுத்ததாகப் பார்த்து வாங்கி, அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் சுற்றி அடுக்குங்கள். பெட்டியைச் சீட்டுக்கு அடியில் வையுங்கள். மேலே வைத்தேன் ஒரு தடவை, ஓமலூர் வரும்போது கீழே உட்கார்ந்திருந்தவரின் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் சொட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பெட்டியை அவருக்கே கொடுத்துவிட்டு இறங்கினேன்.